சனிக்கிழமை கடைசிப் பீரியட்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான் கிளாஸ் டீச்சராக இருந்த வருஷம் அது. பத்தாம் வகுப்புப் பரீட்சை போர்டுக்கு மாணவிகளின் பெயர்களைப் பதிவு செய்யும் படிவம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. படிவத்தை நிரப்புவதற்கு முன்னால், வகுப்பில் கேட்டு ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் குறித்து ஆபீசில் கொடுக்க வேண்டும். பிறந்த தேதி, அப்பா பெயர், மதம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அதற்கடுத்த கட்டம் சாதிப் பிரிவு.

"எஸ்.சி., எஸ்.டி. யாரெல்லாம்? கையைத் தூக்குங்க" என்றேன். எனக்கு முன்னால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர்களும் அப்படித்தான் கேட்டு வந்திருந்தார்கள்.

நான்கு கைகள் எழுந்தன. எண்ணி எழுதப்போகும்போது ஐந்தாவதாக ஒரு கை மெதுவாக உயர்ந்தது. ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் உட்காரும் பெண். போன வருஷம் முழுவதும் வகுப்பில் முதலாவதாக வந்தவள். அவளுடைய குடும்பப் பெயர் வங்காளத்தில் பல சாதிக்காரர்களுக்கும் பொதுவானது. அதனால் அதுவரை யாருக்கும் தெரியாது. வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அப்புறம் எதுக்கு இவ்வளவு விழுந்து விழுந்து படிக்கிறா?" என்றது. சில பேர் சிரித்தார்கள்.

சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே உயரமானவள், எதற்கும் வாயை மூடாதவள், வங்கி அதிகாரி ஒருவரின் மகள். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஐந்து என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். தாய்மொழி.

பள்ளி டாலிகஞ்சில் இருந்தது. வங்காள வழியில் படிக்கும் பெண்கள் பள்ளி. நான் இங்கிலீஷ் டீச்சர். இதில் நான் சொல்லும் பேச்செல்லாம் அங்கே வங்காளத்தில் நடந்ததுதான், தமிழில் எழுதுகிறேன். அங்கே ஆசிரியைகளைத் 'தீதி' என்று கூப்பிடுவார்கள். தலைமையாசிரியை எங்கள் எல்லோருக்கும் 'பொரோதீ', பெரிய அக்கா.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்து நாங்கள் கல்கத்தா வந்தோம். அதற்கு முன்னால் நான் படித்தது கடலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில். அங்கே வருஷா வருஷம் ஒரு நாள் சார் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அரிசனப் பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். அவர் எண்ணி முடித்து, சரிபார்த்து, மையொற்றும் தாளை வைத்து அழுத்தும்வரை நிற்க வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கல்கத்தாவில் அந்த நாள் வரவில்லை. இங்கே ஒருவரின் பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப் பெயரை 'டைட்டில்' என்பார்கள். அதைக் கேட்டால் பாதிப் பேருடைய சாதியைச் சொல்லிவிடலாம். எங்களுக்கு டைட்டிலே கிடையாது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். வங்காளிகளுக்கு நாங்கள் வெறும் 'மதராஸி'. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்களைச் சந்திக்கும்போதுதான் கவனம் வேண்டும். சொந்த ஊர் எது என்று ஆரம்பித்து, ஊரில் எந்தத் தெரு என்று வந்து நிற்பார்கள். அப்பா எப்போதும் "ஸ்டேஷன் பக்கம்" என்பார். எங்கள் ஊரில் ஸ்டேஷனே கிடையாது.

ஸ்டாஃப் ரூமில் எப்போதாவது தெற்கே நடந்த ஏதாவது சாதிச் சண்டை பேப்பரில் வந்திருக்கும். "உங்க பக்கத்துல இதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி, இல்லையா? எங்ககிட்ட இது கிடையாது" என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷமும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அந்தப் பெண்ணைக் கையைத் தூக்கச் சொன்னேன்.

அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். நான்காம் நாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது அவளுடைய மேசையில் சாக்பீஸால் பெரிதாக 'கோட்டா' என்று எழுதியிருந்தது. அவள் அதன் மேலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை ஒட்டி உட்காரும் பக்கத்துப் பெண் பெஞ்சின் அந்த முனைக்குப் போயிருந்தாள்.

"யார் எழுதினது?" என்று கேட்டேன். டஸ்டரால் நானே துடைத்தேன். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவளை மட்டும் நிறுத்தினேன்.

"யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் தீதி. ஆனா சொல்ல மாட்டேன்."

"பயப்படாதே. நான் பார்த்துக்கறேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். பதினான்கு வயதுப் பெண். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "எழுதினவங்களை நீங்க ஏன் தேடறீங்க? கேட்டது நீங்கதானே. தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எங்க அப்பா பொய் சொல்லாதேன்னு சொல்லியிருக்கார். அதனால தூக்கினேன். அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு. நீங்க அடுத்ததா தாய்மொழி என்னன்னு கேட்டீங்க."

"நீ போலாம்" என்றுதான் சொன்னேன். அதையும் நான் இன்னும் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முதல் பீரியடுக்கு முன்னாலேயே பொரோதீயின் அறைக்குப் போனேன். அவர் ஐம்பதைத் தாண்டியவர். கறாரானவர், ஆனால் நியாயம் கேட்கப் போனால் உட்காரச் சொல்வார். இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, இனிமேல் அந்தப் படிவத்தை வகுப்பில் கேட்டு நிரப்பக் கூடாது. லைப்ரரியில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு நிரப்ப வேண்டும். அதற்கு உடனே சரி என்றார். இரண்டாவது, சனிக்கிழமை அரைநாளில் கடைசிப் பீரியட் பெயருக்குத்தான் லைப்ரரி பீரியட், பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதை எனக்குத் தர வேண்டும்.

"என்ன செய்யப்போறே?"

"பேச வைக்கப்போறேன். யாரை எப்படி நடத்தறோம், நம்மை யார் எப்படி நடத்தறாங்கன்னு."

பொரோதீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க சவுத்துல இது பெரிய விஷயம். எனக்குப் புரியுது. ஆனா இங்க நம்ம பொண்ணுங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. இல்லாததை ஏன் கிளப்பறே?"

முன்பெல்லாம் என்றால் தலையை ஆட்டியிருப்பேன். "இல்லைன்னா பேச எதுவும் இருக்காது பொரோதீ. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒரு மாசம் கொடுங்க. ஒண்ணும் வரலைன்னா நானே நிறுத்திடறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கட்சி அரசியல் வரக்கூடாது" என்றார். வராது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

முதல் சனிக்கிழமை படுதோல்வி. எல்லோரும் சமம் என்று நாற்பது நிமிஷம் பேசினேன். பெண்கள் குனிந்து குறிப்பு எடுத்தார்கள். முடிவில் ஒருத்தி எழுந்து, "இது பரீட்சைக்கு வருமா தீதி?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, நான் வாயை மூடிக்கொண்டால்தான் அவர்கள் திறப்பார்கள் என்று தீர்மானித்தேன்.

அடுத்த வாரம் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களிலிருந்து கல்யாண விளம்பரப் பக்கங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். நாலு பேருக்கு ஒரு பக்கம் என்று கொடுத்தேன். சாதி குறிப்பிட்டிருக்கும் விளம்பரங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொன்னேன், நிறம் குறிப்பிட்டிருந்தால் நீலம். முதலில் ஒரே சிரிப்பு. 'நல்ல சிவப்பான, குடும்பப் பாங்கான' என்று ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தி உரக்கப் படித்தாள். போகப்போகச் சிரிப்பு குறைந்தது. பக்கங்களில் கோடு போடாத இடம் தேட வேண்டியிருந்தது.

அந்த உயரமான பெண் தன் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது கல்யாணத்துக்கு மட்டும்தான் தீதி. வழக்கம். மத்தபடி நாங்க யாரும் சாதி பார்க்கறதில்லை" என்றாள்.

"சரி. அப்படின்னா அடுத்த வாரம் வரைக்கும் உங்க வீட்டுல, தெருவுல, இந்த ஸ்கூல்ல கண்ணால பார்த்துட்டு வாங்க. வந்து 'நான்'னு ஆரம்பிச்சுச் சொல்லுங்க. நான் பார்த்தேன், நான் செஞ்சேன், எனக்கு நடந்தது. அடுத்தவங்க கதை வேண்டாம். ஒருத்தர் பேசும்போது யாரும் சிரிக்கக் கூடாது. இங்க பேசினதை வெளியில வெச்சு யாரையும் கிண்டல் பண்ணக் கூடாது. பேச இஷ்டம் இல்லாதவங்க பேச வேண்டாம்."

மூன்றாவது சனிக்கிழமை, வாயே திறக்காத ஒரு பெண்தான் முதலில் எழுந்தாள். வீட்டு வேலை செய்யும் பெண்களை அங்கே 'மாஷி' என்பார்கள், சித்தி. "நான் எங்க மாஷிக்குத் தினமும் டீ கொடுக்கறேன். அவங்க டம்ளர் குளியலறை ஜன்னல்ல இருக்கும். சின்ன வயசுலேருந்து அங்கேருந்துதான் எடுக்கறேன். அது ஏன் அங்க இருக்குன்னு இந்த வாரம்தான் அம்மாகிட்ட கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு" என்றாள்.

பிறகு ஒரு முஸ்லிம் பெண் எழுந்தாள். "நாங்க வாடகைக்கு வீடு தேடினோம். நான் அப்பாகூட போனேன். அப்பா பேரைச் சொன்னதும் வீட்டுக்காரங்களோட அண்ணன் பம்பாயிலேருந்து திரும்பி வந்துடறார், வீடு அவருக்கு வேணுமாம். ஏழு வீடு பார்த்தோம். ஏழு பேருக்கும் அண்ணன் வந்துட்டார்." சொல்லும்போது அவளே லேசாகச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

இன்னொருத்தி எழுந்து நின்று பெஞ்சின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நான் உங்க வங்காளத்தை நடிச்சுக் காட்டுவேன் தீதி. நீங்க 'ஸ' சொல்ற மாதிரி. எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள். முகம் சிவந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்றேன். நிஜமாகவே தெரியும், ஒரு தடவை வராண்டாவில் நின்று கேட்டிருக்கிறேன். நன்றாகவே நடித்தாள்.

ஜன்னலோரப் பெண் ஒரு வாரமும் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அந்த உயரமான பெண் எழுந்தாள். "தீதி, எல்லாரும் 'நான்'னு ஆரம்பிக்கணும்னு சொன்னீங்க. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லலையே."

அவள் வம்புக்குத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டது சரிதான். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். கையில் இருந்த பதிவேட்டை மேசையில் வைத்தேன். இருபத்தைந்து வருஷமாக வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாத விஷயம்.

"நான் மூணாவது படிக்கும்போது எங்க வாத்தியார் எழுந்து நிக்கச் சொன்னார். சாதி சொல்லி நிக்கச் சொன்னார். நான் நின்னேன். என்கூட நின்னவங்க எல்லாம் எங்க சேரிப் பிள்ளைங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இந்த வகுப்புல நான் அதையே செஞ்சேன். கை தூக்கச் சொன்னேன். ஒருத்தரைப் பத்திக் கேவலமா ஒரு பேச்சு காதுல விழுந்துது. விழாத மாதிரி எழுதிட்டே போனேன். அது தப்பு. அந்த அஞ்சு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

வெளியே மழை நின்று ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரப் பெண் என்னைப் பார்த்தாள். உயரமானவள் உட்காரவில்லை. மணி அடித்த பிறகும் கொஞ்சநேரம் அப்படியே நின்றாள்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் படித்தாள். அதனால் நான் அப்பாவிடம் சொல்லுவதற்கு முன்னாலேயே செய்தி லேக் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. அம்மா இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். மறு வாரம் அவர் காப்பித்தூள் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்துல என்னம்மா சொன்ன?"

சொன்னேன்.

"யாராச்சும் கேட்டாங்களா உன்னைய?"

"ஒரு பொண்ணு கேட்டுச்சுப்பா."

"பொண்ணு கேட்டா சொல்லிடுறதா? இந்த ஊருக்கு நான் எதுக்கு வந்தேன்? வேல எங்க வேணா கெடைச்சிருக்கும். இங்க ஒருத்தனும் கேக்க மாட்டான்னுதான வந்தேன். உங்கம்மா கடைசி வரைக்கும் நிம்மதியா இருந்தா. இன்னைக்கு அந்தக் கடையில ரெண்டு பேரு என்னையப் பாத்ததும் பேச்ச நிறுத்துறான்."

"நீங்க ஒளிஞ்சிருக்கச் சொல்லி என்னையப் படிக்க வைக்கலியேப்பா."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைத்தால் சாப்பிட்டார். நான்காவது நாள் காலையில் நான் புடவையை மடித்துச் செருகிக்கொண்டு கிளம்பும்போது, "இன்னைக்குச் சனிக்கிழமையா?" என்றார். ஆமாம் என்றேன். "பாத்துப் பேசு" என்றார். நிறுத்தச் சொல்லவில்லை.

அதற்குள் பள்ளியில் புகார் வந்துவிட்டது. உயரமான பெண்ணின் அப்பா பள்ளி நிர்வாகக் கமிட்டிக்குக் கடிதம் எழுதியிருந்தார். சாதி என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைகளுக்கு ஆசிரியை சாதியைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று புகார். கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நீள மேசை, ஐந்து பேர், ஓரத்தில் பொரோதீ. நான் கையோடு கொண்டுபோன சிவப்பும் நீலமும் போட்ட பேப்பர்களை மேசையில் விரித்தேன். குழந்தைகளுக்குத் தெரியாததை நான் சொல்லித்தரவில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் வீட்டுக்கும் வருவதைத்தான் படிக்கச் சொன்னேன் என்றேன். மேசையில் 'கோட்டா' என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். ஒருவர், அது விளையாட்டுத்தனம் என்றார். யாருக்கு விளையாட்டு என்று கேட்டேன்.

அப்போது பொரோதீ வாயைத் திறந்தார். "ஒரு மாசம் கேட்டா. பேச ஒண்ணும் இருக்காதுன்னுதான் நானும் நினைச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் முடியலை" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட சீட்டுக் கொண்டுவரும் பெண்கள் மட்டும் உட்காரலாம். இதோடு வகுப்பு தானாக நின்றுவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதல் வாரம் பதினோரு சீட்டுத்தான் வந்தது. பதினோரு பேரை வைத்துக்கொண்டு நடத்தினேன். அடுத்த வாரம் பதினாறு.

ஜன்னலோரப் பெண்ணின் சீட்டை அவளுடைய அப்பாவே கொண்டுவந்தார். டிராமில் கண்டக்டர். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். சீட்டை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பொண்ணு அதைச் சொல்லணுமா தீதிமணி?"

"வேண்டாம். அவளுக்குத் தோணினா பேசட்டும். தோணாட்டி ஒரு வருஷமும் பேச வேண்டாம்."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழல. சாப்பிடல, அவ்வளவுதான். கை தூக்கினியான்னு கேட்டேன். தூக்கினேன்னா." அவர் சீட்டைப் பிரித்து, என் பேனாவை வாங்கி, அங்கேயே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "என்னைக் கேட்டிருந்தா நானும் தூக்கியிருப்பேன்" என்றார்.

உயரமான பெண்ணுக்கு வீட்டில் கையெழுத்துக் கிடைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகவும் இல்லை. வகுப்புக்கு வெளியே வராண்டாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே போய், "உன் பேர் லிஸ்ட்ல இல்லை. கிளம்பு" என்றேன்.

"உள்ள உட்காரக் கூடாதுன்னுதானே தீதி கமிட்டி சொல்லியிருக்கு. வராண்டா பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அந்த வருஷம் முழுவதும் அவள் வராண்டாவில் நின்றாள். ஒரு சனிக்கிழமை, உள்ளே ஒருத்தி பேசி முடித்த பிறகு, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நான் மேசைல எழுதினேன்." ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். நீ 'ட்' போடறது எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆறு மாதத்தில் அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. இருவரும் அதன் பிறகு நெருங்கிய தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தி எழுதுவதை இன்னொருத்தி பார்த்து எழுதும் அளவுக்குப் பழகினார்கள். வராண்டாவில் நின்றவள் பிறகு சட்டம் படித்தாள். ஜன்னலோரப் பெண் கணக்கு டீச்சர் ஆகி, ஹவுராவுக்கு அப்பால் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள்.

சீட்டு முறையோடு அந்தப் பீரியட் வருஷா வருஷம் தொடர்ந்தது. தொண்ணூறுகள் முடிந்தன, பொரோதீ ஓய்வுபெற்றார், புதியவர் வந்தார். எனக்கு அதில் எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு தவறு நடந்தது.

ஆசிரியர் தினத்தன்று பெண்கள் எங்களுக்குச் சந்தேஷ் என்னும் பால் இனிப்பும் சிங்காரா என்னும் சமோசாவும் வைத்துப் பரிமாறுவார்கள். அந்த வருஷம் என் வகுப்புப் பெண்கள், பள்ளியைப் பெருக்கித் தண்ணீர் எடுத்துத் தரும் மூன்று மாஷிகளுக்கும் ஆசிரியைகளின் மேசையிலேயே தட்டு வைத்தார்கள். வைத்துவிட்டு அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார்த்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு ஆசிரியைகள் தங்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். மூத்த மாஷி தட்டைத் தொடவே இல்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்பிடுங்க மாஷி" என்றேன்.

"நீங்கல்லாம் வீட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்குக் காலையில அந்த ரெண்டு தீதிக்கும் தண்ணி எடுத்துக் கொடுக்கப்போறது நான். இந்த வம்பு எனக்கு எதுக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

பெண்கள் காதில் அது விழுந்தது. என் காதிலும் விழுந்தது. அந்த வாரச் சனிக்கிழமை நாற்பது நிமிஷமும் அதையே பேசினோம். ஒருத்தி, நல்லதுதானே செய்தோம் என்று அழுதாள். இன்னொருத்தி, அவங்க இடத்துல இருந்திருந்தா எனக்கும் எரிச்சல் வந்திருக்கும் என்றாள். முடிவில், மாஷிகளிடமே போய்க் கேட்பது என்று தீர்மானித்தார்கள். யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் யோசித்து இரண்டு பேரை அனுப்பினார்கள்.

மாஷிகளுக்குச் சந்தேஷ் வேண்டாமாம். மேசையும் வேண்டாமாம். மாடிப்படிக்குக் கீழே அவர்களுக்கென்று இருந்த குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பல வருஷமாகவே கிடையாது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே காவல் நிற்க வேண்டும். வேலை முடிந்து புடவை மாற்றுவதும் அப்படித்தான். அந்தப் படியில் நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்.

பெண்கள் மனு எழுதினார்கள். மாஷிகள் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். கமிட்டி, பார்க்கிறோம் என்றது. அந்த வகுப்பு பத்தாவது போய், பள்ளியை விட்டும் போனது. அடுத்து வந்த வகுப்பு மனுவைத் திரும்ப எழுதியது. நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி விஷயமாக அதை எழுப்பினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே செயலாளர் பெருமூச்சு விட ஆரம்பித்தார். மறுபடி எழுப்பினேன்.

முதல் மனு எழுதி இரண்டு வருஷம் கழித்து, பூஜை விடுமுறைக்கு முந்தின வாரம் தச்சர் வந்தார். பழைய கதவு இற்றுப்போயிருந்ததால் தாழ்ப்பாளோடு புதுக் கதவும் போட வேண்டியதாகிவிட்டது. சனிக்கிழமை. கடைசிப் பீரியடில் இருந்த பெண்கள் ஓசை கேட்டுப் படிக்கட்டில் வந்து நின்றார்கள். தச்சர் தூசியைத் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். மூத்த மாஷி எங்கள் யாரையும் பார்க்காமல் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வகுப்புக்குத் திரும்புங்கள் என்று பெண்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது.